அயர்லாந்தின் சிற்றூர்ப் பங்குகளுக்கு வரப்போகும் சாமிமார்களுக்கு

அன்புள்ள சாமிமார்களுக்கு, தோத்திரம்.

இந்தியக் குருக்கள் அயர்லாந்தின் பங்குகளுக்கு வருவது இப்போது புதுச் செய்தி இல்லை. கேரளத்திலிருந்து பலர் முன்பே வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து புறப்பட ஆயத்தமாகிறவர்களும், உங்களை அனுப்பலாமா என்று யோசிக்கும் சபைத் தலைவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

நான் கிளேர் கவுண்டியின் மேற்குக் கோடியில் வேலை பார்க்கும் செவிலி. தனியாக இருக்கும் முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது என் வேலை. சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை. இறையியல் படித்தவள் இல்லை. ஆனால் இந்த ஊர்களின் சமையலறைகளில் உட்கார்ந்து, வீட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறவள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். ஆள் இல்லாத பூசை நேரங்களை நிரப்புவதற்காக மட்டும் வராதீர்கள். சாமியார் வராத வாரத்திலும் அந்தச் சின்னக் கோவில் திறந்திருக்க வேண்டும், ஊர்க்காரர்களே முன்னால் நின்று செபத்தை நடத்த வேண்டும். அதற்கு அவர்களைத் தயார்செய்ய வாருங்கள்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். லூப் ஹெட் தீபகற்பத்தை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் ஷானன் ஆற்றின் கழிமுகம், நடுவே ஒல்லியாக நீண்டு போகும் நிலம். அதன் நுனிக்குச் சற்று முன்னால் கில்பாஹா. ஒரு சிறிய படகுத்துறை, ஒரு பப், அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள், மற்றதெல்லாம் புல்வெளியும் மாடுகளும். நுனியில் ஒரு கலங்கரை விளக்கம். 1991-இல் அது தானியங்கி ஆனபிறகு அங்கே காவலர் யாரும் குடியில்லை. கில்பாஹாவுக்குப் பக்கத்தில் மோனீன் என்ற இடத்தில் கடல் விண்மீன் மாதா கோவில் இருக்கிறது. கில்லலூ மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. மேற்கு அயர்லாந்தில் நீங்கள் போகப்போகும் பங்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பேர் மட்டும்தான் மாறும்.

இங்கே பங்கு என்பது கோவில் கணக்கோடு முடிகிற விஷயம் இல்லை. எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் பங்கின் பேரைத்தான் சொல்வார்கள். அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884-இல் தொடங்கியது. அதன் ஊர்க் கிளப்புகள் பெரும்பாலும் பங்கு எல்லையை வைத்தே அமைந்தவை. கிறிஸ்துமஸுக்குக்கூடப் பூசைக்கு வராத பையனும் பங்கின் சட்டையைப் போட்டுக்கொண்டு மழையில் ஆடுகிறான். அவனுடைய பாட்டி வேலியோரம் நின்று கத்துகிறார். ஆரம்பப் பள்ளிகளில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது இன்னும் கத்தோலிக்க நிர்வாகத்தின் கீழ்தான் இருக்கின்றன. முதல் நன்மை வாங்கும் பிள்ளைகள் ஏழெட்டு வயதில், மே மாதத்தில், பள்ளியிலிருந்தே தயாராகி வருவார்கள்.

பங்கு எப்படி உயிரோடு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒரு சாவுக்குப் போங்கள். ஒருவர் இறந்தால் செய்தி முதலில் உள்ளூர் வானொலியில் வரும். கிளேர் எஃப்எம் இன்றைக்கும் மரண அறிவிப்புகளை வாசிக்கிறது. கேட்கிறவர்கள் கையில் இருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். அன்று மாலைக்குள் அந்த வீட்டுச் சமையலறையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். இறந்தவர் கூடத்தில் திறந்த பெட்டியில் படுத்திருப்பார். வருகிறவர்கள் வரிசையாக நுழைந்து, வீட்டார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஒரே ஒரு வரி சொல்வார்கள், பெட்டியருகே ஒரு நொடி நிற்பார்கள், அப்புறம் தேநீர். வெளியே சாலையில், பளிச்சென்ற மஞ்சள் மேலங்கி போட்ட இரண்டு மூன்று ஆண்கள் கார்களை வயலுக்குள் திருப்பி விட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் நியமித்ததில்லை. ஒவ்வொரு சாவுக்கும் அவர்களே வந்து நிற்பார்கள். இறந்தவர் விளையாட்டுக்காரர் என்றால் கிளப் சட்டையோடு இளைஞர்கள் இரு புறமும் வரிசை கட்டிப் பெட்டியை அனுப்பிவைப்பார்கள். முப்பதாம் நாளையொட்டி மீண்டும் ஒரு பூசை. நம் ஊர்த் துட்டி வீட்டை அறிந்த உங்களுக்கு இது ஒன்றும் அந்நியமாகப் படாது.

இதையெல்லாம் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே விசுவாசம் செத்துவிட்டது என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். 1970களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பேர் வாரந்தோறும் பூசைக்குப் போனார்கள். 1979-இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்தபோது டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கத்தோலிக்கர் என்று எழுதியவர்கள் 69 சதவீதம். அவர்களிலும் ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் ஒரு பகுதிதான். எண்கள் உண்மை. ஆனால் சாவு வீட்டுக்கு வெளியே மழையில் கார்களைத் திருப்பிவிடும் அந்த மனிதர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். நீங்கள் தேட வேண்டியது அவரைத்தான்.

சரி, இனி கில்பாஹா கதை. நீங்கள் எந்த மறைமாவட்டத்துக்கு வந்தாலும் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும்பஞ்சம் தொடங்கியது. நாடு முழுவதும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். இந்தத் தீபகற்பம் அடங்கிய கில்ரஷ் வட்டாரம் பட்ட பாடு தனி. பஞ்சத்தோடு சேர்ந்து வாடகை பாக்கி என்று சொல்லிக் குடும்பங்களை வெளியே தள்ளி வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். ஆர்தர் கென்னடி என்ற அரசு அதிகாரி பட்டியல் பட்டியலாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். சில ஆண்டுகளுக்குள் அந்த ஒரு வட்டாரத்தில் வீடிழந்தவர்கள் சுமார் 20,000 பேர். வெளியேற்றியவர்களில் எல்லோரும் அஞ்சிய பெயர் மார்கஸ் கீன். பல நிலச்சுவான்தார்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர்.

அந்தக் காலத்தில் இந்தப் பகுதிக்குப் பங்குத்தந்தையாக வந்தவர் மைக்கேல் மீஹன். தீபகற்பத்தின் மேற்கு முனையில் கோவில் கட்ட ஒரு துண்டு நிலம் கேட்டார். கிடைக்கவில்லை. பசித்தவர்களுக்குக் கஞ்சி கொடுத்து, பிள்ளைகளைப் புராட்டஸ்டண்ட் பள்ளியில் சேர்க்கச் சொன்ன காலம் அது. வீடுகளில் பூசை வைத்தார். இடம் கொடுத்த வீடும் நிலைக்கவில்லை. நிலமெல்லாம் கீன் என்ற ஒரே ஏஜெண்டின் கையில் இருந்தது. இடம் கொடுத்தால் குடியிருப்பு போய்விடும் என்று ஜனங்கள் பயந்தார்கள்.

கடைசியில் மீஹனுக்கு ஒரு வழி தோன்றியது. கடல் ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் நடுவில் இருக்கும் கரை எந்த நிலச்சுவான்தாருக்கும் சொந்தமில்லை. அங்கே நின்றால் யாரும் விரட்ட முடியாது. காரிகஹோல்ட்டில் ஒரு தச்சரைப் பிடித்து, மரத்தில் ஒரு சிறு அறை செய்யச் சொன்னார். நான்கு சக்கரம், பக்கவாட்டில் சன்னல்கள், ஒரு கோடியில் பீடம். 1852-இல் அதைக் கில்பாஹாவுக்குக் கொண்டுவந்தார்கள். சின்னப் பேழை என்று பேர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கடல் வடிந்த கரையில் அதை நிறுத்துவார்கள். உள்ளே சாமியாருக்கும் பூசை உதவி செய்கிறவர்களுக்கும்தான் இடம். மற்றவர்கள் எல்லோரும் வெளியே, ஈர மணலில், காற்றில், மழையில் முழந்தாள் போட்டார்கள். ஐந்து ஆண்டுகள் அப்படியே நடந்தது. ஞானஸ்நானமும் அங்கேதான். 1857-இல்தான் நிலம் கிடைத்து மோனீன் கோவிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

அந்தப் பேழை இன்னும் அந்தக் கோவிலுக்குள் இருக்கிறது. பார்க்கிற யாரும் முதலில் சொல்வது, இவ்வளவு சின்னதா என்றுதான். உண்மையில் ஒரு வண்டி அளவுக்குத்தான் இருக்கிறது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். மர வேலைப்பாடு எளிமையானது. யாரோ அவசரமாகச் செய்யச் சொல்லி, தச்சர் கவனமாகச் செய்த பொருள் அது. நான் அதன் சன்னல் பக்கம் நின்று பார்க்கும்போதெல்லாம் நினைப்பது வெளியே முழந்தாள் போட்டவர்களைத்தான். கோவில் கட்ட விடாதபோது பங்கை ஐந்து வருடம் பிடித்து நிறுத்தியவர்கள் அவர்கள். ஒரு சாமியார் துணிந்தார். ஆனால் மணலில் வந்து நிற்க ஜனங்கள் துணியாவிட்டால் அந்தப் பேழை வெறும் பெட்டிதான்.

அதே ஜனங்களை அடுத்த நூறாண்டுகளில் பெஞ்சுகளில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். பஞ்சத்துக்குப் பின் அயர்லாந்துத் திருச்சபை கட்டுக்கோப்பாக வளர்ந்தது. பேராயர் பால் கல்லன் தலைமையில் 1850-இல் தர்ல்ஸ் நகரில் கூடிய சங்கம், வீடுகளில் நடந்துவந்த ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம், திருமணம் எல்லாவற்றையும் கோவிலுக்குள் கொண்டுவர ஆணையிட்டது. கோவில்கள் எழுந்தன. 1795-இல் தொடங்கிய மேனூத் குருமடம் ஆண்டுதோறும் குருக்களைத் தந்தது. சிற்றூருக்கும் பங்குத்தந்தை, அவருக்குத் துணையாக இன்னொருவர். எல்லாவற்றையும் சாமியாரே செய்தார். பள்ளி, மைதானம், நாட்டியக் கூடம் வரைக்கும் அவர் சொல்தான். மக்களுக்குச் செய்ய மிச்சமிருந்தது வருவதும் கேட்பதும் காணிக்கை உறையைப் போடுவதும்.

இப்போது சாமியார்கள் இல்லை. இருப்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வு வயதைத் தாண்டியவர்கள். மேனூத்துக்கு வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. நாலைந்து பங்குகளை ஒன்றாகச் சேர்த்து இரண்டு பேரிடம் கொடுக்கிறார்கள். இந்த வாரம் இந்தக் கோவிலில் பூசை, அடுத்த வாரம் அந்தக் கோவிலில். பூசை இல்லாத வாரம் கதவு பூட்டியே கிடக்கும். நான் பார்த்துக்கொள்ளும் முதியவர்களில் சிலர் ஞாயிறு காலை வெப்கேமராவில் பூசை பார்க்கிறார்கள். திரையைச் சரிசெய்து கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் நிற்பேன். பூசை முடிந்ததும் அவர்கள் திரையை அணைக்க விடமாட்டார்கள். ஜனங்கள் எழுந்து வெளியே போவதைப் பார்க்க வேண்டும். யார் வந்தார்கள், யார் யாரோடு நின்று பேசுகிறார்கள், யார் நடையில் தளர்ச்சி தெரிகிறது. அவர்களுக்குப் பிரசங்கத்தைவிட அது முக்கியம்.

இந்த நிலைமையில் உங்களைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் இளைஞர்கள், வண்டி ஓட்டுவீர்கள், ஒரே ஞாயிறில் மூன்று பூசை வைப்பீர்கள். அட்டவணை நிரம்பிவிடும், எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிடுவார்கள். பத்து வருடம் கழித்து உங்கள் சபை உங்களைத் திருப்பிக் கூப்பிட்டால் அந்தக் கதவு மறுபடியும் பூட்டப்படும். அப்போது முன்னால் நிற்க ஊரில் யாருக்கும் பழக்கம் இருக்காது. எனக்கு இருக்கும் பயம் அதுதான்.

நம் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது ஊருக்கு ஊர் நடந்தார், எங்கும் தங்கிவிடவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆளை ஏற்படுத்தி, மக்களைக் கூட்டி மந்திரங்களைச் சொல்லிக்கொடுக்க வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். அங்கிருந்து வளர்ந்த வழக்கம்தான் நம் உபதேசியார். 1773-இல் இயேசு சபையைக் கலைத்த பிறகு, சாமியார் எப்போதோ ஒருமுறை வந்த காலத்தில், செபமாலையையும் ஞாயிறு செபத்தையும் அடக்கச் சடங்கையும் தாங்கிப் பிடித்தவர்கள் அவர்கள். என் சிறுவயதில் எங்கள் ஊரில் சாமியார் வெளியூர் போயிருந்தால் கோவில் மணி நிற்காது. உபதேசியார் அடிப்பார், செபம் சொல்வார், நாங்களும் போவோம். சாமியார் இல்லையே என்று கோவிலைப் பூட்டுவது அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது.

இந்த அனுபவம் அயர்லாந்துக்கு இல்லை. அவர்களுக்கு வேண்டிய நேரத்தில் சாமியார்கள் மிகுதியாகக் கிடைத்துவிட்டார்கள். நீங்கள் கொண்டுவரக்கூடிய பெரிய சொத்து இதுதான் என்று நான் நம்புகிறேன். சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 517-ஆம் எண்ணின் இரண்டாம் பகுதி, குருக்கள் பற்றாக்குறை உள்ள இடத்தில் பொதுநிலையினருக்குப் பங்கின் மேய்ப்புப் பணியில் பொறுப்பு தர ஆயருக்கு வழிசெய்கிறது. மறைமாவட்டங்களும் பொதுநிலையினருக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் பயிற்சி முடித்தவர் ஊரில் எழுந்து நிற்கக் கூச்சப்படுகிறார். நான் யார் இதைச் செய்ய என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். பங்குத்தந்தை பக்கத்தில் நின்று, இனி இந்த ஊர் செபத்தை இவர் நடத்துவார், நானும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கப்போகிறேன் என்று ஒருமுறை செய்து காட்டினால்தான் அந்தக் கூச்சம் போகும். அதை நீங்கள் செய்யுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். ஸ்டேஷன்ஸ் பூசையில் தொடங்குங்கள். கோவில் கட்டத் தடையிருந்த காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. தர்ல்ஸ் சங்கத்துக்குப் பிறகும் மேற்கிலும் தெற்கிலும் பல ஊர்களில் அழியாமல் தங்கிவிட்டது. ஒவ்வொரு குடியிருப்பாக, முறைவைத்து ஒரு வீட்டில் பூசை நடக்கும். முறை வந்த வீட்டில் பல வாரம் முன்பே வேலை தொடங்கிவிடும். சுவருக்குப் புது வண்ணம், உடைந்த கேட்டுக்கு ஆசாரி, அலமாரியின் மேல்தட்டிலிருக்கும் நல்ல கோப்பைகள் எல்லாம் கீழே இறங்கும். சமையலறை மேசைக்கு அடியில் நாலு கட்டை வைத்து உயர்த்தி, வெள்ளைத் துணி விரித்துப் பீடமாக்குவார்கள். கோவிலுக்கு வராதவர்களும் இதற்கு வருவார்கள், ஏனென்றால் பக்கத்து வீட்டு விஷயம். பூசை முடிந்ததும் நீங்கள் அவசரமாகக் கிளம்பிவிடாதீர்கள். சாப்பிட உட்காருங்கள். அடுத்த முறை எந்த வீடு என்பது அந்த மேசையில்தான் முடிவாகும். அந்த மேசையில் யார் எல்லோரையும் கூட்டிச் சேர்க்கிறார், யார் பேச்சுக்கு எல்லோரும் காது கொடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் உபதேசியார் அங்கே இருக்கிறார். பெரும்பாலும் அது ஒரு பெண்ணாக இருக்கும். தயங்காதீர்கள்.

ஸ்டேஷன்ஸ் நின்றுபோன ஊர் என்றால் மீண்டும் கேட்டுப் பாருங்கள். முதல் வீடு கிடைப்பதுதான் கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கசப்பாக இருந்தாலும். நீங்கள் போடும் வெள்ளைக் கழுத்துப்பட்டையைப் பார்த்து இங்கே சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காரணம் நீங்கள் இல்லை. பிள்ளைகளுக்குக் குருக்களும் துறவற சபையினரும் செய்த கொடுமைகளையும் ஆயர்களும் சபைத் தலைவர்களும் அதை மறைத்ததையும் 2005-இல் ஃபெர்ன்ஸ் அறிக்கையும், 2009-இல் ரயன் அறிக்கையும் மர்ஃபி அறிக்கையும் வெளியே கொண்டுவந்தன. துவாம் ஊரில் மணமாகாத தாய்மாருக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் சகோதரிகள் நடத்திய இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் பெயர்களை கேத்தரின் கார்லஸ் என்ற பெண்மணி ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். 2014-இல் உலகம் அதை அறிந்தது. 2021-இல் வந்த விசாரணைக் குழு அறிக்கை, தான் ஆராய்ந்த இப்படிப்பட்ட 18 இல்லங்களில் ஏறக்குறைய 9,000 குழந்தைகள் இறந்ததாகச் சொன்னது. அந்தப் பட்டியலில் கில்ரஷ்ஷில் 1922 முதல் 1932 வரை கவுண்டி நிர்வாகம் நடத்திய இல்லமும் உண்டு. நான் வேலைக்குப் போகும் வழி அது. இந்த வட்டாரத்துப் பழைய குடும்பங்களுக்கு இது பத்திரிகைச் செய்தி இல்லை, சொந்த வீட்டுக் கதை.

அதனால் பிரசங்கத்தில் கண்டிப்பு வேண்டாம். 2015-இல் ஒருபால் திருமணத்துக்கும் 2018-இல் கருக்கலைப்புத் தடையை நீக்கவும் வாக்களித்தவர்களில் பலர் உங்கள் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், நன்மையும் வாங்குவார்கள். எங்கள் நாட்டில் கோவில் நிரம்பி வழிகிறது என்று பீடத்தில் நின்று சொல்லாதீர்கள். நம் பங்குகளில் சாதிக்கொரு தெருவும் சாதிக்கொரு கல்லறையும் இருப்பதை நாம் அறிவோம். அந்தப் பெருமை நமக்கு வேண்டாம். பிள்ளைகள் பாதுகாப்புக்கான விதிகளை இங்கே மிகக் கடுமையாக வைத்திருக்கிறார்கள். காவல்துறைச் சரிபார்ப்பு, தனியாக ஒரு பிள்ளையோடு இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு எல்லாம் உண்டு. உங்களை நம்பவில்லையோ என்று தோன்றினாலும் ஓர் எழுத்து விடாமல் கடைப்பிடியுங்கள். அந்த விதிகள் பிள்ளைகளின் கண்ணீரில் எழுதப்பட்டவை.

ஊரில் யாராவது தம் கதையைச் சொன்னால் கேளுங்கள். நடுவே திருச்சபைக்காக வாதாடாதீர்கள்.

மரியாதை விஷயத்தில் ஒரு சொல். நம் ஊரில் சாமியார் வந்தால் எழுந்து நிற்போம், காலில்கூட விழுவோம். இங்கே உங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எண்பது வயதுக் கிழவர் உங்களிடம் வானிலை பற்றிப் பேசுவார், அடுத்த ஆட்டம் பற்றிப் பேசுவார், அப்புறம் போகிற போக்கில், மனைவிக்குப் புற்றுநோய் என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார். அந்த வரிக்காகத்தான் அவ்வளவு நேரம் பேசியிருக்கிறார். நீங்கள் அவர் பின்னால் போக வேண்டும். மேற்கு கிளேர் ஆங்கிலம் முதலில் காதில் ஏறாது. வேகமாகவும், பாதி வார்த்தையை விழுங்கியும் பேசுவார்கள். மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். உங்கள் பேச்சும் அவர்களுக்கு அப்படித்தான், அதனால் பீடத்தில் நிதானமாகப் பேசுங்கள்.

இனி, அனுப்புகிற சபைத் தலைவர்களுக்கும் ஆயர்களுக்கும்.

அயர்லாந்திலிருந்து கப்பலேறிய ப்ரசன்டேஷன் சபைச் சகோதரிகள் 1842-இல் மதராஸ் வந்து நம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அந்த நூற்றாண்டில் மதராஸுக்கு ஆயர்களாக இருந்தவர்களும் வரிசையாக அயர்லாந்துக்காரர்கள். அவர்கள் வந்த நாட்டுக்கு நாம் ஆள் அனுப்புவது நல்ல காரியம். ஆனால் தயவுசெய்து ஒருவரைத் தனியாக அனுப்பாதீர்கள். குளிர்காலத்தில் இங்கே நாலரை மணிக்கு இருட்டிவிடும். எட்டுப் பேர் இருந்த காலத்தில் கட்டிய பெரிய பங்குவீட்டில் ஓர் இளங்குரு தனியாக, வாரக்கணக்கில் தமிழில் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் கொண்டுபோன மீன்குழம்பைத் திறந்து பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். இரண்டு பேராக அனுப்புங்கள், ஒரே வீட்டில் தங்க ஏற்பாடு கேளுங்கள்.

வந்ததும் பங்குப் பொறுப்பு வேண்டாம் என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் மூத்த ஐரிஷ் குரு ஒருவரோடு சாவு வீடுகளுக்கும் ஸ்டேஷன்ஸ் பூசைக்கும் கல்லறை மந்திரிப்புக்கும் போகட்டும். கோடையில் கல்லறை ஞாயிறு என்று ஒன்று உண்டு. டப்ளினிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள்கூட அன்றைக்கு ஊருக்கு வந்து தம் குடும்பக் கல்லறை பக்கம் நிற்பார்கள். அந்த ஒரு நாளில் பங்கு முழுவதையும் பார்த்துவிடலாம். வண்டி ஓட்டும் உரிமத்துக்கு நாளாகும், அதற்கும் நேரம் கொடுங்கள்.

மறைமாவட்டத்தோடு ஒப்பந்தம் போடும்போது எத்தனை பூசை, எவ்வளவு ஊதியம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தக் குரு பொறுப்பேற்கும் ஒவ்வொரு கோவிலிலும் செபம் நடத்தத் தெரிந்த உள்ளூர்க்காரர் குறைந்தது இருவரையாவது உருவாக்க வேண்டும், அவர்களுக்கு ஆயர் எழுத்தில் பொறுப்பு தர வேண்டும், பூசை இல்லாத ஞாயிறிலும் கோவில் திறக்க வேண்டும் என்று மூன்றையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். குரு ஊர் திரும்பும் முன் கோவில் சாவி யார் கையில் இருக்கும் என்பதையும் பேர் குறிப்பிட்டு எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
மேற்கு கிளேரிலிருந்து ஒரு செவிலி